இறங்க மாட்டாள் முத்தம்மா

முத்தம்மா என்ற பெயரைச் சதாசிவம் முதலில் கேட்டது ஈப்போ டாக்சி வரிசையில்தான். "சிலிபின் பக்கத்து முத்தம்மா வந்தா ஏத்தாதே மச்சான். ஏறிட்டா இறங்கமாட்டா," என்றான் பின்வண்டிக்காரன் கனகராஜ். ஆளைப் பார்த்திராத சதாசிவம் சிரித்துவிட்டுப் போனான்.

அவனுக்கு ஒரு பழக்கம். மீட்டர்மேல் துண்டு போட்டிருப்பான். தமிழாள் ஏறினால், "எந்தத் தோட்டம்?" என்பான். பாகான் டத்தோ பக்கம் தான் பிறந்த எஸ்டேட்டென்றால் துண்டு விலகும். மற்றவர்களுக்கெல்லாம் மீட்டர் 'ரோசாக்', பழுது. அவன் வாயில் வந்ததுதான் கட்டணம்.

இன்று காலை ஒரு கிழவி ஏறினாள். கைப்பேசியில் கார் கூப்பிடுகிறேன் என்று மருமகள் கெஞ்சினாலும், "டாக்சிக்காரன் திருந்தட்டும்" என்று கிளம்புகிறவள். வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைத்து, டயாலிசிஸ் மையத்துக்குப் போகச் சொன்னாள்.

"எந்தத் தோட்டம்கா?"

"எந்தத் தோட்டமா இருந்தா என்ன? மீட்டரப் போடு."

"ரோசாக்லா."

"அப்ப பட்டறைக்கு வுடு. நானும் கூட வாரேன்."

அவனுக்கு உறைத்தது. "நீங்க முத்தம்மாவா?"

"தெரியுதுல்ல? போடு."

எஞ்சினை அணைத்தான். குளிர்காற்று நின்றது. அவள் மருத்துவ அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். கனகராஜ் ஜன்னலில் எட்டி, "சொன்னேன்ல!" என்று இளித்துவிட்டு, விமான நிலையத்துக்கு வந்த சவாரியைத் தட்டிக்கொண்டு போனான்.

"உங்களுக்கு நேரமாகலயா? மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். சாயந்திரம் வரைக்கும் மூச்சு முட்டும். முட்டட்டும்."

சதாசிவத்தின் பிடிவாதம் தளர்ந்தது. "சரி, உங்களுக்கு மட்டும் போடறேன்."

"எனக்கு மட்டுமா? நீ பாப்பா மவன்தானே? ஏறினப்பவே உன் மூக்கு சொல்லிடுச்சு. உங்கம்மாவும் நானும் ஒரே லயத்து வீட்டு வரிசையில குடியிருந்தோம்."

"பெரியம்மா! மொதல்லயே சொல்லியிருந்தா..."

"போட்டிருப்பே. அவன் எந்தத் தோட்டம்னு சொல்லுவான்?" தூணோரம் வண்டிக்கு நின்ற பங்களாதேஷ்காரனைக் காட்டினாள். "அவன் ஏறினாலும் மீட்டரு ஓடணும். அந்தத் துண்ட இப்படிக் குடு."

கொடுத்தான். அவள் அதை மடித்துக் கைப்பையில் திணித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். முத்தம்மா இப்போது டயாலிசிஸ் மையத்து வாசல் பெஞ்சில், மாலை முறைக்காக உட்கார்ந்திருக்கிறாள்.