பெட்டி மேல் நம்ம ஊர்ப் பெயர்

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒரு சரக்கைப் பற்றி நாம் எல்லாம் கற்றுக்கொண்ட மறுநாள்தான் அதற்குச் சட்டம் மாறும். வையம்பட்டியில் ப்ளஸ் டூ படித்து, கல்யாணமாகி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்காணிப்புக் கேமராக் கடையில் வேலைக்குச் சேர்ந்த எனக்கும் அதேதான் நடந்தது.

கொய்யா மரம்

வெளிநாட்டுக் கேமரா நம் வீட்டுப் படத்தை நமக்குத் தெரியாமல் எங்கேயாவது அனுப்பிவிடலாம். அதனால் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த மாடலைத்தான் இனி விற்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பாதிச் சரக்கு கடை அலமாரியை விட்டு இறங்கியது. மிச்சத்துக்கு விலை ஏறியது. பொன்மலையிலிருந்து வந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவருக்கு இதை மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கொய்யா மரத்துல எத்தனை காய் இருக்குன்னு சீனாக்காரன் தெரிஞ்சுக்கிட்டா தெரிஞ்சுக்கட்டும்மா. பக்கத்து வீட்டுக்காரன் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

குத்துவிளக்கு

ஸ்ரீரங்கத்து லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் அப்படி இல்லை. வாசல், மாடிப்படி, காரிடார் என்று எட்டுக் கேமரா கேட்டார். "பொம்பளப் பிள்ளைங்க நடமாடுற இடம். படம் வெளியே போச்சுன்னா அவங்கப்பா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். நானும் பெண் குழந்தை வைத்திருக்கிறவள். சான்றிதழ் உள்ளதுதான் தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். நானாகப் பேசிப் பிடித்த முதல் பெரிய ஆர்டர் அது.

முதலாளி எட்டுப் பெட்டி வரவழைத்தார். பெட்டி மேல் கேள்விப்படாத, ஆனால் சுத்தமான நம்ம ஊர்ப் பெயர். பக்கத்தில் குத்துவிளக்குப் படம். சான்றிதழ் எங்கே சார் என்றேன். "விளக்கே போட்டிருக்கான், இன்னும் என்னம்மா சான்றிதழ்?"

அதே குரல்

சோதித்துப் பார்க்க ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மூன்று வயது மகளுக்கு ஒரு கையால் தோசையை ஊட்டிக்கொண்டே மறு கையால் ப்ளக்கைச் சொருகினேன். கேமரா பெண் குரலில் சீன மொழியில் பேசியது. பழைய சீனக் கேமராக்கள் கரண்ட் கொடுத்ததும் சொல்லுமே, அதே வாக்கியம். நூறு தடவை கேட்ட குரல். மாமியார் குரல் மாதிரி, தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். அடியில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். உள்ளே பழைய சீனக் கம்பெனிப் பெயர்.

காலையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "நாலு ஊர் பார்த்த கேமரா, நாலு பாஷை தெரிஞ்சு வெச்சிருக்கு. வார்டன் வந்தா நீ வாயைத் திறக்காதே."

வார்டன் வந்தார்

நான் வாயைத் திறக்கவில்லை. கவுண்டர் மேல் கேமராவை வைத்து ப்ளக்கை மட்டும் சொருகினேன், அது வாயைத் திறந்தது. முதலாளி ஃபேனைப் பார்த்தார். ஆர்டரும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

வார்டன் தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டார். "சீனாவுலேர்ந்து ஒரு பொண்ணு படிக்க வந்தா ரூம் தரலாம். இது எட்டு மூலையில உட்கார்ந்துக்கிட்டு எங்க பிள்ளைங்களைப் பார்க்க வேண்டாம். சரியானது வரட்டும், காத்திருக்கேன். நீயே வந்து மாட்டிக் கொடு."

சான்றிதழோடு புதுக் கேமரா வந்ததும் நானே நின்று மாட்டினேன். கரண்ட் கொடுத்த பிறகும் அது ஒரு வார்த்தை பேசவில்லை, முதலாளியும் என்னிடம் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தார்.