பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

1994 மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில் நடந்தது இது. நான் பணி ஓய்வு பெற்று அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. தி. நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மழைக்காலம் வந்தால் அந்த வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிவிடும். என் மனைவிக்கோ இழுப்பு. முந்தின ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பதினோரு நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அடுத்த மழைக்குள் ஈரச் சுவர் இல்லாத வீடாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் இருந்ததை எல்லாம் திரட்டினால் ஒரே ஒரு வீடு வாங்கலாம். அது தப்பாகப் போனால் இன்னொன்று வாங்க இந்த ஜன்மத்தில் முடியாது.

எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் உண்டு. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளைக்கூட விடமாட்டேன். அபிராமபுரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் அழைத்துப் போனபோதும் அதைத்தான் செய்தேன். முதல் மாடி, பத்தொன்பது படி, ஏழு ஜன்னல், ஒன்பது குழாய். வீட்டுக்காரர் நேர் மேலே இரண்டாம் மாடியில் குடும்பத்தோடு இருந்தார். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்த பிறகு புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார். படுக்கையறையில் ஆளுயரத் தேக்கு பீரோ ஒன்று நின்றது. "அது படியில எறங்காது சார். உங்களுக்கே விட்டுடறோம்" என்றார். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

"நீங்க ஜன்னலை எண்ணிண்டு இருங்கோ. நான் மூச்சு விட்டுப் பாக்கறேன்" என்றாள் மனைவி. அறைக்கு அறை நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பெயின்ட் வாசனையைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

வீடு வாங்குவதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள், சோதித்து எழுதித் தருகிறோம் என்று பேப்பரில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. அந்தக் காலத்தில் அது புதுசு. பாண்டி பஜார் பக்கம் ஒரு மாடி அறையில் ஆபீஸ். நான் முழுநீளத் தாளில் முப்பத்தொரு கேள்வி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். குறித்த நாளில் அந்த என்ஜினியர் சஃபாரி சூட்டில் வந்தார். கையில் சின்னச் சுத்தியல், டார்ச், டேப்.

"எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு சார், அதன்படி பாத்துடறேன்" என்று ஆரம்பித்தார்.

"முதல்ல என் கேள்விகளை முடிச்சுடுங்கோ. அப்புறம் உங்க முறைக்கு வரலாம்" என்றேன்.

முடித்தார். சுவரில் பதினான்கு இடத்தில் தட்டினார். தண்ணீரைத் திறந்து மூடினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். அவருடைய முறை வரவே இல்லை. உள்ளே வந்து வெளியே போகும் வரை இருபத்திரண்டு நிமிஷம். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. முப்பத்தொரு கேள்விக்கும் ஒரே பதில், திருப்திகரம்.

எனக்குத்தான் திருப்தி இல்லை. வகுத்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு நாற்பத்து மூன்று நொடிகூட வரவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே அவருடைய ஆபீசுக்குப் போனேன்.

"வீடு சரியில்லன்னு சொன்னா சண்டைக்கு வர்ற ஆளுங்களைப் பாத்திருக்கேன். நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு வர்ற மொத ஆள் நீங்கதான் சார்."

"இருபத்திரண்டு நிமிஷத்துல என்ன தெரியும்?"

"டாக்டர் நாடி பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

அறிக்கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. இடையில் இரண்டு நாள்தான். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். மனைவி தன் தாலிக்கொடியைத் தொட்டு, இனி உட்காராவிட்டால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு.

புதன்கிழமை காலை நாலாவது தடவையாக அந்த வீட்டுக்குப் போனேன். மேல் வீட்டில் வேலை செய்யும் அம்மாதான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். முன் மூன்று தடவையும் அவர்தான் திறந்துவிட்டிருக்கிறார். நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"இன்னா சார், திரும்பவும் எண்ண வந்துகினியா? ஜன்னலு ஒண்ணும் ஓடிப் பூடல, அங்கியே கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. மனைவியின் இழுப்பு, டாக்டர் சொன்னது, என் பயம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே நின்றவர் மாடிப் படியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என் மாமியாருக்கும் அந்த இழுப்புதான் சார். கஸ்டம் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "பீரோவ நவுத்திப் பாத்தியா?"

இல்லை என்றேன். துடைக்கிற சாக்கை நனைத்துக்கொண்டு வந்து பீரோவின் முன்காலுக்கு அடியில் செருகினார். அவர் இழுக்க நான் தள்ள, அவ்வளவு பெரிய பீரோ சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

பின்னால் சுவரே இல்லை என்று சொல்லலாம். உப்புப் பூத்து, காரை பொரிந்து, கரும்பச்சையாக ஒரு பாய் அகலத்துக்குப் பூசணம் படர்ந்திருந்தது. கை வைத்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் அந்தச் சுவர் ஜில்லென்று இருந்தது.

"மேல அய்யா குளிச்சா இங்க செவுரு குளிக்கும். மூணு தபா பூசியாச்சு, நிக்கல. அப்பால பீரோவ வெச்சு மறைச்சுட்டாங்க." சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிடாத சார். எனக்கு சம்பளம் வர்றதுல இதான் பெரிய வூடு."

பீரோவைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டு, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான். "வேண்டாம்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. காரணம் எதுக்கு?"

அவள் சொன்னபடி செய்திருக்கலாம். ஆனால் அந்த முப்பத்தொரு திருப்திகரம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. என்ஜினியர் அந்தச் சுவரைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை அவரையும் தரகரையும் அந்த வீட்டுக்கு வரவழைத்தேன். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இறங்கி வந்தார்கள். பீரோவின் பக்கமாக டார்ச் அடித்துச் சுவரைக் காட்டினேன். எனக்கு ஒரு பரீட்சையில் ஜெயித்த மாதிரி இருந்தது.

என்ஜினியர் முகம் சிவந்துவிட்டது. அறிக்கையைப் பிரித்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். கண்ணுக்குத் தெரிந்த பகுதிகளுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. "பீரோவுக்குப் பின்னாடி என் கண்ணுக்கு எப்படி சார் தெரியும்? உங்க முப்பத்தொரு கேள்வியில பீரோ எங்க இருக்கு? ஒத்தை ஆளா நகர்த்தற பீரோவா இது? நீங்க எத்தனை பேர் நகர்த்தினீங்க, சொல்லுங்க."

எண்ணிக்கை கேட்டால் என் வாய் காத்திருக்காது.

"ரெண்டு பேர்" என்றேன்.

வீட்டுக்காரரின் மனைவி மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார். வெளியே அந்த அம்மா படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றுவிட்டது. நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல எனக்குப் பெயரும் தெரியாது. பத்தொன்பது படி, ஏழு ஜன்னல், ஒன்பது குழாய் தெரிந்த எனக்கு, நாலு முறை கதவைத் திறந்துவிட்டவரின் பெயர் தெரியாது.

வீடு வாங்கவில்லை. என் மனைவி தப்பித்தாள். ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் மீண்டும் அந்தத் தெருவுக்குப் போனேன். முனையில் இஸ்திரி போடுகிறவர், அந்த வெள்ளிக்கிழமை மதியமே அந்த அம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்றார். ஆற்றோரத்தில் குடிசை என்று வழி சொன்னார். முதல் நாள் போய் ஆளைக் காணாமல் திரும்பினேன். இரண்டாம் நாள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பதினாறு பேர்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் என் மனைவி சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னேன்.

"வேல கெடச்சுடும் சார், அது பெர்சு இல்ல" என்றார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அம்மாவுக்கு இழுப்பு எப்டி கீது?"

பரவாயில்லை என்றேன்.

"சொல்லாதன்னு சொன்னேன்ல. அத்தினி எண்ணுறியே, அத்த மட்டும் எப்டி சார் உட்டே?"

வரிசை நகர்ந்தது. குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டு அவரும் நகர்ந்தார். நான் அன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் தெருவில் சொல்லி வைத்த வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் சில மாதம் வந்தார். பிறகு வேறு பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அந்த ஆவணியில் மந்தைவெளியில் ஒரு வீடு வாங்கினோம். மழை வந்தது, போயிற்று. மனைவி படுத்துத் தூங்கினாள்.

எண்ணுகிற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், நாக்கு நுனிக்கு வந்துவிட்ட பதிலை அங்கேயே நிறுத்தி, அந்த எண்ணிக்கைக்குள் நிற்பவர் யார், நான் சொன்னால் அவர் என்ன ஆவார் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.