இரண்டு கை உப்பு

திருவொற்றியூர் கடலோரத் தெருவில் பச்சையம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் எல்லாம் கரையைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொள்ளும். ஒரு கொரியாக்காரக் கப்பல் சரக்கை இறக்கிய பிறகும் போக மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்ததாம். எஞ்சின் கோளாறு என்று எழுதிக் கொடுத்தானாம் கேப்டன். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு அவன் நாக்கில். நம்ப முடியாதவர்கள் ஆடி மாதம் அந்தத் தெருவுக்கு வந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கலாம்.

அன்புக்கரசி நம்புகிறவள். பச்சையம்மாவின் மகள் ஆயிற்றே. புருஷன் போன பிறகு காசிமேட்டில் எறால் உரித்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அம்மா. அவள் உரிக்கிற வேகத்தில், சட்டை போனதே தெரியாமல் ஐஸ் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் ‘என்ன இப்படிக் குளிருது’ என்று எறால் யோசிக்கும். அந்தக் கைதான் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அண்டா ஏற்றி, அம்மனுக்குப் படைத்து, தெருவுக்கே கூழ் ஊற்றும்.

தீபாவளிக்கு அம்மா அண்ணன் வீட்டில். பொங்கலுக்கு அன்புக்கரசி மாதவரத்தில் மாமியார் வீட்டில். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊரார் கையைக் குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. ஆக, அம்மாவும் மகளும் ஒரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வருஷத்தில் கிடைப்பது இந்தக் கூழ் நாள் ஒன்றுதான். அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது. கொண்டு வந்தவன் அண்ணன் குமாரவேல்.

“கண்ணு ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம் ஆவல. பொகைல குந்திகினு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு?” என்றான். “இந்த தபா ஊத்திக்க. அடுத்த வருசம் சமையல் காண்ட்ராக்ட் ஜெயவேல் ஆளுங்க டிரம்முல கொண்டாந்து எறக்கிட்டுப் பூடுவாங்க. ஞாயித்திக்கெயம அவரே வந்து கூட்டம் எத்தினின்னு பாத்துக்கறேன்னார்.”

“அம்மனுக்கு டிரம்முலயாடா ஊத்துவ?”

“அம்மன் இன்னா, டிரம்மு வாணாம்னு உன்னாண்ட வந்து சொல்லிச்சா?”

அவன் சொன்னதிலும் அக்கறை இருந்தது. ஆனால் அன்புக்கரசிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தக் கூழ் பிசகினால் அடுத்த ஆடிக்கு டிரம் நிச்சயம். அப்புறம் அவள் விருந்தாளி மாதிரி வந்து, டிவி பார்த்து, காபி குடித்து, பஸ் ஏற வேண்டியதுதான்.

ஞாயிறு விடிந்ததும் வாசலில் கல் கூட்டி அண்டா ஏற்றினார்கள். புகை ஆகாது என்று அம்மாவைத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அரிசி நொய்யைக் கொதிக்கவிட்டு, புளித்த கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி, மகளே துடுப்பால் கிண்டினாள். நாற்காலியிலிருந்து அம்மாவின் வாய் மட்டும் வேலை செய்தது.

“உங்கப்பன் என்னிய பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி, ஒரே மூச்சுல ஏழு சொம்பு கூழு குடிச்சிட்டு எந்திரிக்க முடியாம குந்திகினாரு. அவர தூக்கறதுக்கு ஹார்பர்லேர்ந்து கிரேன் வந்துச்சிடி.”

“போன வருசம் அஞ்சு சொம்புன்ன?”

“போன வருசம் உனுக்கு வெவரம் பத்தல. கொஞ்சமா சொன்னேன்.”

அன்புக்கரசி சிரித்த சிரிப்பில் துடுப்பு கைநழுவிற்று.

கூழில் ஒரு சட்டம் உண்டு. அம்மனுக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. விரலில் பட்டால்கூட நக்காமல் கழுவ வேண்டும். உப்பைக் கைக்கணக்கில்தான் போட வேண்டும். “நொய்யி நசுங்குனதும் நீயே போடு” என்று அம்மா சொல்லியிருந்தாள். முருங்கைக்கீரை உருவி வைத்ததை எடுத்துவர அன்புக்கரசி உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து நொய் நசுங்கிவிட்டது. பச்சையம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எழுந்தாள், கல்லுப்பை அள்ளிப் போட்டாள், வந்த சுவடு தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம். போட்டது அவள் மனசிலேயே பதியவில்லை. கீரையோடு வந்த மகள் அண்டாவைப் பார்த்தாள். பக்குவம் வந்திருந்தது. அவளும் அள்ளிப் போட்டாள். அவளுக்கும் அம்மா கைதான், ரொம்பப் பெரிசு.

வேப்பிலை கட்டிய குடத்தின் முன் கூழும் கருவாட்டுக் குழம்பும் கீரையும் படைத்து, கற்பூரம் காட்டியாயிற்று. வரிசையில் முதல் ஆள் எப்போதும் பக்கத்து வீட்டு பிராங்கிளின். சர்ச் முடிந்ததும் நேராக, சொந்தச் சொம்போடு வந்து நிற்பார். ஒரு வாய் குடித்தார். கண் இரண்டும் காதோரம் போய்த் திரும்பின.

“இன்னா பச்சையம்மாக்கா, கடல அப்டியே மொண்டு ஊத்திட்டியா?”

வரிசை அசையவில்லை. அன்புக்கரசி அம்மா பக்கம் திரும்பினாள். “நா ஒரு கைதாம்மா போட்டேன்.”

“நானும் ஒரு கைதாண்டி போட்டேன்,” என்ற பிறகுதான் பச்சையம்மாவுக்கே தான் எழுந்து போனது நினைவுக்கு வந்தது.

“இதுக்குத்தாம்மா சொன்னேன்,” என்றான் குமாரவேல். குரலில் கோபம்கூட இல்லை. அன்புக்கரசி எல்லாம் முடிந்தது என்று துடுப்பைக் கீழே வைத்தாள்.

“எட்றி அத,” என்றாள் பச்சையம்மா.

நாற்காலியை ஓரமாக உதைத்துத் தள்ளிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். “உப்பு ஜாஸ்தின்னா கூழு கம்மின்னு அர்த்தம். வேற இன்னா? டேய் குமாரு, எதுத்த வூட்டு ஜெரினாவாண்ட பிரியாணி அண்டா கீது, தூக்கியா. நொய்யி எத்தினி மூட்ட கீதோ எடு. பிராங்கிளினு, சொம்ப வெச்சிட்டு வெறகு பொளந்து போடு. வரிசைல நிக்கறவங்கோ ஆளுக்கு நாலு வெங்காயம் உரிங்க, சும்மா நின்னா கால் வலிக்கும்!”

உப்பில்லாத நொய்க் கஞ்சி இரண்டாவது அண்டாவில் கொதித்தது. புளித்த மாவு தீர்ந்துவிட்டதால் பச்சை மாவைக் கரைத்து வேகவிட்டு, புளிப்புக்குக் கெட்டி மோர் ஊற்றினாள். ஓர் அண்டாவிலிருந்து மற்றதற்கு மொண்டு ஊற்றி ஊற்றிக் கலந்தார்கள். இப்போது படையல் முடிந்தது, நாக்குக்குத் தடை இல்லை. அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கி, மகளுக்கும் ஒரு சொட்டு வைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

கூழ் ஆகாகாவென்று வந்துவிட்டது. ஆனால் அது ஒரு தெரு குடித்துத் தீர்க்கிற கூழா? தெரு குடித்தது, அடுத்த தெரு குடித்தது, ஒவ்வொருவனும் வயிற்றைத் தடவிக்கொண்டு மறுபடி குடித்தான். அண்டாவோ குறைவேனா என்றது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக முடியாமல் வாலும் தலையும் தெரியாத வரிசையில் நின்றிருந்தன. வாளி வாளியாக அங்கே போயிற்று. பீகார்க்காரனும் பஞ்சாப்காரனும் கருவாட்டைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். கேட் திறந்தும் ஒரு வண்டிகூட நகரவில்லை என்பார்கள். பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கவில்லையா என்று கேட்டால், அவன் கையிலும் டம்ளர்தான்.

கூட்டம் பார்க்க வந்த ஜெயவேலின் கையில் பச்சையம்மா ஒரு வாளியைத் திணித்தாள். வந்தது எதற்கு என்பதையே மறந்து வேர்க்க விறுவிறுக்க ஊற்றிக்கொண்டிருந்தார் மனிதர். கடைசியில் குமாரவேலைத் தனியே அழைத்தார்.

“நைனா, இது நம்மால ஆவாது. என் ஆளுங்கோ உப்பு ஜாஸ்தியானா சொல்லாம கொள்ளாம ஓடிப் பூடுவானுங்க.”

குமாரவேல் அம்மாவைப் பார்த்தான். அவள் அடுப்புக்கு எதிர்க்காற்றில், புகை படாத பக்கமாய், அன்புக்கரசியின் தோளில் சாய்ந்து நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த கண்ணும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“சரி,” என்றான். “அடுத்த வருசம் அடுப்பாண்ட நா நிக்கறேன். கிண்டறதும் நானு. நீங்க ரெண்டு பேரும் பேசிகினு மட்டும் கெடங்க.”

“பேசிகினு கெடந்தா உப்ப யார்ரா போடுவா?”

“நானு,” என்றாள் அன்புக்கரசி.

“எங்கைல சொரண இருக்கங்காட்டியும் நாந்தாண்டி.”

“நீ உப்பு போட்டதக்கூட மறந்துட்டம்மா.”

“நீ கேக்காம போட்டுட்டடி!”

குமாரவேல் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் மகளும் அவரவர் சொம்பில் கடைசிக் கூழை வைத்துக்கொண்டு, அடுத்த ஆடியின் உப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாதவரம் பஸ் ஒன்று போயிற்று; இன்னொன்றும் போயிற்று. அன்புக்கரசி எழுந்திருக்கவில்லை.