அனுப்புநர் விலாசம்

முட்டாள்தனத்துக்குப் பட்டம் கொடுக்கும் கல்லூரி இருந்திருந்தால் கும்மிடிப்பூண்டியில் தங்கப் பதக்கம் எனக்குத்தான். பழைய இரும்பை உருக்கும் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எடை மேடையில் ஒவ்வொரு லாரிக்கும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருந்தது. "இன்னா சார், உன் பூட்டத் தொறக்கறதுக்குள்ள எங்க டீயே ஆறிப்பூடுது" என்று டிரைவர்கள் சலித்துக்கொள்ள, நான் பூட்டையே கழற்றினேன். எடை மேடைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியோடு எது வந்தாலும் கேள்வி கேட்காமல் பதிந்துகொள் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவைத்தேன். அன்று டிரைவர்கள் நாஷ்டா வாங்கித் தந்தார்கள். வடையோடு என் மூளையையும் தின்றுவிட்டேன் போலிருக்கிறது.

மேடையில் வேலை பார்த்த அக்கா பழவேற்காட்டிலிருந்து வருவார். "ஒயரு தம்பி, உன் டப்பா மறுபடி தூங்குது, வந்து எழுப்பு" என்று என்னைக் கூப்பிடுவார். திடீரென்று ஒரு தணிக்கையில், வராத லாரிகளுக்கெல்லாம் எடை பதிவாகி, வராத இரும்புக்குப் பணமும் போயிருப்பது தெரிந்தது. எல்லாம் ராத்திரியில், அக்காவின் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து. "சாய்ங்காலமே ஆஃப் பண்ணிட்டு பஸ் ஏறிட்டேன் தம்பி, நீயாவது சொல்லேன்" என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். "முகவரி பொய் சொல்லாது சார்" என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. போலீசுக்குப் போகாதது தங்கள் பெரிய மனசு என்றார்கள். எல்லாரும் பார்க்க, திருடி என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பேர் அவருக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தது. தொழிற்பேட்டையில் வேறெந்த ஆலையும் அவரை வாசலுக்குள் விடவில்லை.

பிறகு சென்னையிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஒருவர் வந்தார். எடை மேடைக் கம்ப்யூட்டரின் பிளக்கை என்னைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ தட்டினார். பிளக் என் கையில் இருந்தது; டேட்டாபேஸில் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு லாரியை எடைபோட்டிருந்தது.

"நெட்வொர்க்ல போற ஒவ்வொரு பாக்கெட்டும் தபால் கவர் மாதிரி சார். அனுப்புநர் விலாசத்துல யார் பேர வேணா எழுதலாம். உங்க டேட்டாபேஸ் அதை மட்டும் படிச்சிட்டு நம்புது."

மேலாளரிடம் ஓடினேன். "ஓட்டைய அடைச்சிட்டு கம்முனு இரு. பழசை எதுக்குக் கிளறுற?" என்றார். அடைத்தேன். கம்மென்றும் இருந்தேன், அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. இன்றும் சம்பளம் அங்கேதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். பாக்கெட், கவர், விலாசம் என்று எல்லாவற்றையும் விளக்கி, "உங்க மேல தப்பே இல்லக்கா" என்று, ஏதோ தீர்ப்பெழுதிய நீதிபதி மாதிரி முடித்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"இத்த அங்க நாலு பேரு முன்னாடி சொன்னியா?"