அர்த்தம் மட்டும் கேட்டாள்

அம்மா ஆங்கிலம் கற்றது கோபத்தில். அவளுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் மானேஜர் அதை "அறிவுத் தாகம்" என்றார். தாகமெல்லாம் இல்லை. அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. முப்பத்தொரு வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஈரப் படுக்கைவிரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும் உருளை மெஷினில் வேலை. இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதம் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் ஏறியது. பக்கத்தில் நீளமாக ஓர் ஆங்கில வார்த்தை. இன்சபார்டினேஷன். மானேஜரிடம் போய்க் கேட்டாள்.

"சார், இதுக்கு என்ன அர்த்தம்?"

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? துணியைப் பாரு."

அன்று மாலை பழைய புத்தகக் கடையிலிருந்து செங்கல் கனத்தில் ஓர் அகராதியோடு வந்தாள். கீழ்ப்படியாமை என்று தெரிந்ததும் சிரித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்கான்."

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டாள். துணிக்கட்டுகளில் கட்டும் மஞ்சள் அட்டையில் ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம். மனப்பாடம் செய்தால் போதாது. யாரையாவது முகத்துக்கு நேராக அந்த வார்த்தையால் திட்டினால்தான் படித்ததாகச் சேர்த்தி. திட்டியதும் அட்டையின் மூலையைக் கிழிப்பாள். முழங்கைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் விழிப்பாள். ஆப்ஸ்டினேட், இன்காம்பிடன்ட் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் எனக்கும் விழும். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த அன்று நான் 'மீடியாக்கர்', சுமார் ரகம். மூலை கிழிந்தது.

மெஷினில் அவளோடு நின்றவளுக்கு அம்மா வைத்த பெயர் சைரன். அந்த இரைச்சலையும் மீறி அவள் குரல் கேட்குமாம். அவள் அம்மாவுக்கு வைத்த பெயர் டிக்ஷனரி. வேலை நேரத்தில் அட்டை படிக்கிறாள் என்று மானேஜரிடம் போட்டுக்கொடுத்தது சைரன்தான். அதோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம் ஒரே விரிப்பின் இரு முனையில் நின்றார்கள். எதுவானாலும் மெஷினிடம்தான் சொல்வார்கள்.

"சில பேருக்கு நாக்கு மட்டும் வெளிநாட்டுல பொறந்திருக்கு," என்பாள் சைரன்.

"காகோஃபனி," என்பாள் அம்மா. காதைக் கிழிக்கும் கூச்சல் என்று அர்த்தம். மெஷினிடம் சொன்னதால் அந்த அட்டையின் மூலை கிழியவில்லை.

நான் படித்தது எலக்ட்ரிகல். மெஷின்களை ஆபத்தில் நிறுத்தும் சுற்றுகளை வடிவமைப்பது என் வேலை. எனவே அம்மா கேட்டது சரியான ஆளிடம்தான்.

"உருளைக்கு முன்னால ஒரு சிவப்புக் கயிறு இருக்குடி. இழுத்தா நிக்கணும். நிக்க மாட்டேங்குது."

"உள்ளே சுவிட்ச் துருப்பிடிச்சிருக்கும். மாத்தச் சொல்லு."

"சொல்லிட்டேன். காதுலயே போட்டுக்கல. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதித் தா."

"வாயால சொன்னா போதும்மா."

மறுபடி போய்ச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி என்னிடம் கடிதம் கேட்டாள். நானும் மறுபடி அதையே சொன்னேன். பத்து நிமிஷ வேலை.

அடுத்த வாரம் சைரனின் வலது கை விரிப்போடு உருளைக்குள் போனது. இடது கையால் கயிற்றை இழுத்தாள். அம்மாவும் இழுத்தாள். மெஷின் நிற்கவில்லை. அம்மா சுவர்வரை ஓடி மெயின் சுவிட்சை அணைத்தாள். சைரனின் மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மானேஜர் ஓர் ஆங்கிலத் தாளை நீட்டினார். நடந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் அம்மா சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் நெக்லிஜென்ஸ் என்று இருந்தது. அது அவளுக்குத் தெரியும், அவள் மேலேயே ஒருமுறை வீசப்பட்டது. அதற்கு முன்னால் இருந்த காண்ட்ரிபியூட்டரி தெரியாது. அகராதி வீட்டில். எனக்குப் போன் செய்தாள்.

நான் மீட்டிங்கில் இருந்தேன். "அம்மா, எல்லாரும் போடுறதுதான். போட்டுட்டு வேலையைப் பாரு."

"அர்த்தம் கேட்டேன். அறிவுரை கேக்கல."

வைத்துவிட்டாள்.

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தாள். மறுநாள் காலை அந்த வார்த்தையும் அர்த்தமும் எழுதிய மஞ்சள் அட்டையைத் தாளோடு கட்டி மானேஜர் மேஜையில் வைத்தாள். நடந்ததை அன்று மாலை எனக்கு இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள்.

"அவ கவனக்குறைவும் சேர்ந்துதான் கை போச்சுன்னு எழுதியிருக்கீங்க. இதை வச்சு அவளை வேலையை விட்டுத் தூக்குவீங்க. அவ கவனமாத்தான் இருந்தா. கயிறு வேலை செய்யல. ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்போ போடு. அவதான் உன் பரம எதிரியாச்சே? ஒரு வார்த்தைக்காக உன் வேலையைக் கெடுத்துக்காத."

"அர்த்தம் தெரியாம இருந்திருந்தா போட்டிருப்பேன் சார்."

'இல்ல' என்று சொல்லிக் காட்டியபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை.

சாட்சிக் கையெழுத்து இல்லாமல் தாள் செல்லவில்லை. சைரனின் வேலை தப்பியது. அம்மாவை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குத் தள்ளினார்கள். ஜன்னல் கிடையாது. ரத்தம், மருந்து, சில நாள் துணிக்குள் ஊசி. பதினான்கு மாதம். பிறகு ஒரு காலையில் அவள் இதயம் நின்றது. அந்த அறைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. முடிந்திருந்தால் இதை வேறு இடத்தில் எழுதியிருப்பேன்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் மானேஜர் கை நீட்டினார். நான் நீட்டவில்லை. அவருக்குப் பின்னால் சைரன் நின்றாள். முகத்தில் அழுத சுவடு இல்லை.

"ஏம்மா என்ஜினீயர், நான் கட்டில்ல கிடந்தப்ப உங்கம்மா வந்தா. கையெழுத்துப் போடலன்னு சொன்னா. உன்னை யாருடி கேட்டான்னேன். நேரா என் முகத்தைப் பார்த்து ஒண்ணு சொல்லிட்டு, கையில இருந்த அட்டையோட மூலையைக் கிழிச்சுத் தலையணை மேல போட்டுட்டுப் போயிட்டா." நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "இன்காரிஜிபிள். பதினாலு மாசமா மறக்கல. அவகிட்ட அர்த்தம் கேக்க என் மானம் விடல. நீ சொல்லு."

அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"திருத்தவே முடியாத ஆளுன்னு அர்த்தம், அத்தை."

"அவ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "எழுதித் தா. வாயால சொன்னா எனக்கு நிக்காது."

என் தோளில் மாட்டியிருந்த அம்மாவின் பையில் வெற்று அட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம் எழுதிக் கொடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.