மாட்டுப் பொங்கலைக் காணோம்

மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை... பிரஸ்ஸுக்குள் காலை வைத்தாலே தொண்டையில் ஏறும். மதியம் தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றிலும் அதே வாசனைதான். சிவகாசியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் கிறீச்சிடும் ஒரு ஃபேன்.

அந்த நாற்காலியின் அருமை, சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தத்துக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். கையில் மருந்து படாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

காலண்டர் தேதிகளை ஷீட்டில் வரிசைப்படுத்தும் பழைய சாஃப்ட்வேரின் லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிக்க முதலாளிக்கு மனசில்லை. ஓப்பன் சோர்ஸில் ஒன்று இருக்கிறது, இலவசம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகப் போய் வாயைக் கொடுத்தேன்.

“ஏத்தா, ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளிய வந்தாகணும். வரலைன்னா நீ பேசாம ஒங்க ஆத்தா கூட பட்டாசுக்கே போயிரு” என்றார் முதலாளி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பம் எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்று வரும். அன்றைக்கு விட்டால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும்.

தினசரி காலண்டரைத் தாள் தாளாக அடிக்க மாட்டோம். ஒரு பெரிய ஷீட்டில் பல தேதிகளை அடித்து, கட்டிங் மிஷினில் வெட்டி, கட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வருஷம் வரிசையாக வரவேண்டும். புது சாஃப்ட்வேரின் டாக்குமென்டேஷனில், அதான் அதன் செய்முறைக் குறிப்பில், சொன்னபடி வரி பிசகாமல் செய்தேன். மாதிரியை வெட்டி அடுக்கியதும், பைண்டிங்கில் இருந்த பாண்டியம்மா அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“ஏ புள்ள, பொங்கலைக் கிழிச்சா மாசி மாசம் வருது! மாட்டுப் பொங்கல் எங்கன? மாட்டை எங்கிட்டும் மேய விட்டுட்டியா?”

பைண்டிங் மொத்தமும் சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த சாஃப்ட்வேர்க்காரர்களின் இணைய மன்றத்தில் உதவி கேட்டேன். டாக்குமென்டேஷனைப் படிக்கவும் என்று ஒற்றை வரியில் பதில்.

வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அதைப் படித்துத்தானே இந்தக் கதிக்கு வந்து நிற்கிறேன்?

அக்கா கழிவுத் தாளை அள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அழுதா வரிசை வந்துருமா? தேதியைப் போடு, வெட்டிப் பாப்போம்.” பென்சிலால் எழுதுவது, வெட்டுவது, அடுக்குவது... மறுபடியும் எழுதுவது. சாயங்காலம்தான் பிடிபட்டது. டாக்குமென்டேஷனை எழுதியவர்கள் புத்தகம் அச்சடிப்பவர்கள். அவர்கள் சொன்னது மடித்துத் தைக்கிற வரிசை. வெட்டி அடுக்குகிற வரிசையும் சாஃப்ட்வேரில் இருந்தது, ஆனால் டாக்குமென்டேஷனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வந்தது. முதலாளி ஆள் கூப்பிட்டு என் தலைக்கு மேலிருந்த ஃபேனைச் சரிசெய்யச் சொன்னார்.

நான் அதோடு விடுவதாக இல்லை. இன்னொருத்தி இப்படி அழக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்; காலண்டருக்கென்று தனிப் பக்கம் எழுதி அந்த சாஃப்ட்வேர்க்காரர்களுக்கே அனுப்பினேன். புத்தகத்துக்கு இது எதற்கு என்று திருப்பிவிட்டார்கள். அக்கா அடுக்குவதைப் போட்டோ எடுத்துச் சேர்த்து மறுபடியும் அனுப்பினேன். இங்கிலீஷ் சரியில்லை என்றார்கள்... திருத்தினேன். கூடவே தமிழிலும் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். கடைசியில் எல்லாம் சரி, முடிவில் உள்ள மூன்று வரிகளை மட்டும் எடுத்துவிடு, டாக்குமென்டேஷனில் இப்படியெல்லாம் எழுதுவதில்லை என்றார்கள்.

‘பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பயப்படாதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.’

முடியாது என்றேன். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள் என்றேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது விருதுநகரில் வீட்டிலிருந்தே வேலை. அந்த டாக்குமென்டேஷனைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஏசி இருக்கிறது, சோற்றில் மை வாசனை இல்லை... பைண்டிங்கின் அந்தச் சிரிப்பும் இல்லை. மனசு அதைத்தான் தேடுகிறது.

இந்த ஆடியில், ஏதோ ஒரு பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமிருந்து ஒரு மெசேஜ்.

“அக்கா, நேத்து பொங்கலுக்கு அடுத்து மாசி வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாக. நீங்க எழுதுனதைப் படிச்சேன், நான் அழல. இன்னைக்கு மாட்டுப் பொங்கல் வந்துருச்சுக்கா.”

உடனே பாண்டியம்மா அக்காவுக்கு ஃபோன் போட்டுப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் அதே சிரிப்பு.

“அப்ப மாடு வீடு வந்து சேந்துருச்சுன்னு சொல்லு!”