பந்திக்கு முன் ஒரு டிரா

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கரண்ட் போகிற நேரங்களில் மொபைலில் செஸ் ஆடிப் பழகியவன். மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் போட்டி என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன்.

முதல் சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் செம்பூர்க்காரப் பெண்மணி. வங்கி அதிகாரி. ஊர் ஊராகப் போய் ஆடி வாங்கிய ரேட்டிங் அவருக்கு இருந்தது. எனக்கு ரேட்டிங்கே கிடையாது. செஸ் ஆட வந்தவருக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு குதிரையை இழந்தேன்.

கீழே கெட்டிமேளம் முழங்கியது. அவர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "டிரா வச்சுண்டுடலாமா?" என்றார்.

தோற்கிறவனிடம் யாராவது டிரா கேட்பார்களா? பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். ஒருவேளை நான்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேனோ? அந்தத் தைரியத்தில் ராணியை முன்னே தள்ளினேன். ராணியும் போயிற்று.

வெட்டிய ராணியைக் கையில் வைத்துக்கொண்டே, "இப்பவாவது?" என்றார்.

"என்னத்துக்கு மேடம்? நீங்கதான ஜெயிக்கிய?"

"ஒவ்வொரு மூவுக்கும் நீங்க இவ்வளவு யோசிச்சா எப்ப ஜெயிக்கறது? கீழே எங்க ஆபீஸ்காரர் பொண்ணு கல்யாணம். இலை போட்டுண்டிருக்கா. ரெண்டாம் பந்திக்குப் பால்போளி இருக்காது."

"அப்ப எங்கிட்ட தோத்துட்டுப் போலாம்லா?"

"அதுக்கு மனசு வரமாட்டேங்கறது."

பேசக் கூடாது என்று நடுவர் வந்து அதட்டினார். டிராவுக்குச் சம்மதித்து நான் கை நீட்டினேன். நடுவர் ராணியில்லாத என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பக்கா?" என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டார்.

"நீங்களும் வாங்கோ" என்று அந்தப் பெண்மணி என்னையும் கீழே அழைத்துப்போனார். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்து, "என்னோட டிரா பண்ணினவர்" என்று அறிமுகம் செய்தார். அவரிடம் தோற்றே பழகிய ஆபீஸ்காரர்கள் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். பெண்ணின் அப்பா எனக்கு இன்னொரு போளி வைக்கச் சொன்னார். சாப்பிட்டதும் மேடையேற்றி, மணமக்களுக்கு நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

மாப்பிள்ளை என் காதருகே குனிந்து, "அங்கிள், என்ன ஓப்பனிங்?" என்றான்.

ஆட்டத்தைத் தொடங்குகிற முறைகளில் எனக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. "தாராவி ஓப்பனிங்" என்றேன். அவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

அடுத்த சுற்றில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாகி, சீக்கிரமே தோற்றேன். பக்கத்து மேசையில் அவர் ஏப்பத்தைப் புடவைத் தலைப்பால் மறைத்தபடி ஜெயித்துக்கொண்டிருந்தார்.